இதயத்துக்காக ரெட் ஒயின் பழகலாமா?

17 செப்டம்பர் 2023

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயது 49. பிறந்தது புதுச்சேரி, 16 வருஷமாக இருப்பது பிரான்ஸில், துலூஸ் நகரத்தில். மதுப் பழக்கம் இல்லை. போன வாரம் வந்த ரத்தப் பரிசோதனையில் எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 142, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 170. இங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று தருவார்கள், நம்மூர்க் கணக்குக்கு மாற்றி எழுதியிருக்கிறேன்.

அப்பா 57 வயதில் மாரடைப்பில் போனார். ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ரெட் ஒயின் அவருக்கு வழக்கம். 84 வரை இருந்தார். எங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள்.

ஆகவே என் கட்சி இது: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைக்குப் போகும் முன் தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஆனால் அலுவலக விருந்தில் ஒரு வாய் குடித்துப் பார்த்ததோடு சரி, பிடிக்கவே இல்லை. பிடிக்காத ஒன்றைப் பழகிக்கொள்ள முடியுமா? அதற்கு வழி உண்டா?

19 செப்டம்பர் 2023

"யார் சொன்னது ஒயின் இதயத்துக்கு நல்லது என்று?" என வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் இருக்கும் ஊருக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் மோனிகா என்ற பெயரில் பல நாடுகளில் இதய நோயைக் கணக்கெடுத்தது. பிரான்ஸில் எடுத்துக்கொண்ட இடங்கள் லீல், ஸ்ட்ராஸ்பூர், துலூஸ். பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ மாதிரி ஊர்களோடு ஒப்பிட்டால் துலூஸில் மாரடைப்புச் சாவு பல மடங்கு குறைவு. இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியம்தான். வாத்துக் கொழுப்பிலேயே சமையல். கசூலே என்ற பீன்ஸ் குழம்பில் வாத்துக்கால், பன்றித் தொத்திறைச்சி எல்லாம் கிடக்கும். சாப்பாட்டுக்குப் பின் சீஸ் வேறு. இவ்வளவு கொழுப்பு தின்றும் மாரடைப்பு குறைவாக இருப்பதைத்தான் "பிரெஞ்சுக்காரர் புதிர்" என்கிறார்கள்.

செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், மிஷேல் த லோர்ஜெரிலோடு சேர்ந்து 1992இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். தினம் 20 முதல் 30 கிராம் ஆல்கஹால், அதாவது இங்கே வழக்கமாகக் குடிக்கும் அளவு, இதய நோயை 40 சதவீதமாவது குறைக்கும் என்பது அவர் வாதம். எச்டிஎல் கூடுவதால் இல்லை, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வது குறைவதால் என்றார். அதற்கு முந்தைய ஆண்டு, நவம்பர் 1991இல், அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி இதை ஒளிபரப்ப, அங்கே ரெட் ஒயின் விற்பனை கிடுகிடுவென்று ஏறியது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நம்பிக்கைதான் என் அலுவலக நண்பர்கள் வாயிலும் இருக்கிறது.

1 அக்டோபர் 2023

முதல் பாட்டில். மதீரான், எங்களுக்கு மேற்கே தன்னா என்ற திராட்சையில் செய்யும் ரெட் ஒயின். இதயத்துக்கு இதுதான் சிறந்தது என்று படித்ததால் வாங்கினேன். (இங்கிலாந்து ஆய்வாளர் ரோஜர் கார்டர் 2006இல் நேச்சர் இதழில் எழுதியது: எங்கள் பக்கத்து ஜெர் மாவட்ட ஒயின்களில் புரோசயனிடின் என்ற பொருள் அதிகம், அங்கே நீண்ட நாள் வாழ்பவர்களும் அதிகம்.)

இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. நாக்கு அப்படியே சுருண்டு, கன்னத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினாற்போல் வறண்டது. இதையா ருசி ருசி என்கிறார்கள்?

2 அக்டோபர் 2023

ராத்திரி படுத்தபடி யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அந்த வறட்சி எனக்குப் புதியதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் நாவல்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டுவோமே, அதே துவர்ப்பு. வாழைப்பூவை ஆயும்போது அம்மா வாயில் போட்டுத் தரும் வெள்ளைக் குருத்து, கொட்டைப்பாக்கின் முதல் கடி, கடுக்காய்த் தண்ணீர், எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே உள்ளவர்கள் அதைச் சுவை என்றே சொல்வதில்லை, தொடுகை மாதிரியான ஓர் உணர்வு என்கிறார்கள். நடப்பது என்னவோ எளிது: திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய்விடுகிறது.

அப்படிப் பார்த்தால் நான் ஒன்றும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. தெரிந்த சுவையைத் தெரியாத இடத்தில் சந்தித்துத் திகைத்துவிட்டேன்.

8 அக்டோபர் 2023

சூடாக இருக்கும் அறையில் வைத்துக் குடிக்காதீர்கள் என்று எழுதியவருக்கு நன்றி. ஃபிரிட்ஜில் 20 நிமிஷம் வைத்து எடுத்தேன், 15, 16 டிகிரி இருக்கும். சாராய நெடி பாதியாகக் குறைந்தது.

5 நவம்பர் 2023

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயது, ஜெர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். நான் மதீரானில் தொடங்கினேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "தன்னா திராட்சையிலா தொடங்குவாங்க? அது கொழுப்போட சண்டை போடப் பொறந்த திராட்சை. வெறும் வாயில குடிச்சா உங்களோடதான் சண்டை போடும்" என்றார். மறுநாள் ஃப்ரொந்தோன் பாட்டில் ஒன்றோடு வந்தார். துலூஸுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் விளைவது, திராட்சையின் பெயர் நெக்ரெட். டானின் குறைவு.

அவர் செய்யச் சொன்னது இவ்வளவுதான். கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்று. முதலில் மோந்து பார், குடிக்காதே. ஒரு சுற்றுச் சுற்று, மறுபடி மோந்து பார். நான் மோந்தபோது முதலில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம் ஏதோ பூ. என்ன பூ என்று அவர் சொல்லவில்லை, காத்திருந்தார். எனக்குச் சட்டென்று வந்தது: மார்ச் மாதம் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் வயலெட் பூ, இந்த நகரத்தின் பூவே அதுதான். அடியில் மிளகு வாசம். சொன்னதும் பெரியவர் மேசையைத் தட்டினார்.

அப்புறம் ஒரு வாய் எடுத்துக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தேன். புளிப்பு முதலில், பழம் நடுவில், துவர்ப்பு கடைசியில், அதுவும் வெற்றிலையின் துவர்ப்பு அளவுக்கு மெல்லியதாக. விழுங்கிய பிறகும் வயலெட் மூக்கில் நின்றது. அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பிடித்தது. இதயம் பற்றிய நினைப்பே அந்த அரை மணி நேரத்தில் வரவில்லை, பிற்பாடுதான் அது உறைத்தது.

12 நவம்பர் 2023

நம்ம சாப்பாட்டோடு எப்படி என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சோதித்ததைச் சொல்கிறேன். சாம்பார், ரசத்தோடு வேண்டவே வேண்டாம். புளி இரண்டு பக்கமும் மோதும். பச்சை மிளகாய்க் காரத்தோடு ஒயின் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பு. மிளகு போட்டு வறட்டிய ஆட்டுக்கறியோடு நெக்ரெட் அருமை. அம்மா அனுப்பிய வடவம் தாளித்து வாத்துக்கறி வைத்தேன், அதோடு அந்த மதீரானே சாந்தமாகிவிட்டது. கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொள்ள, என் எச்சில் தப்பித்தது. (புதுச்சேரி வடவம் இங்கே சமையல்காரர்களிடம் "வதுவான்" என்ற பெயரில் பெரிய மவுசோடு உலவுகிறது. கடையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மொட்டை மாடி நினைவுக்கு வரும்.)

13 நவம்பர் 2023

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சர்ச் பூசையில சாமியார் எடுக்கிற திராட்சை ரசம்தானே? அளவா இருப்பா. ஒயின் ஷாப்ல வாங்குறது இல்லையே?" என்றார். நம்மூர் ஒயின் ஷாப்பில் பிராந்தியும் பீரும்தான் ஓடும், ஒயினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார். அம்மா சிரித்து நாளாயிற்று.

14 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்துகள். ஒரு திருத்தம், முக்கியமானது.

நவம்பரிலிருந்து "தினமும் ஒரு கிளாஸ்" என்று இங்கே எழுதிவந்தேன். நேற்று என் மகள் பள்ளிப் பாடத்துக்காகச் சமையல் தராசை எடுத்து வைத்திருந்தாள். நான் வழக்கமாக ஊற்றும் மட்டத்துக்குக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தேன். 210 கிராம். மறுபடி நிறுத்தேன், 205. பிரான்ஸில் ஒரு கிளாஸ் என்று கணக்கு வைப்பது 10 கிராம் ஆல்கஹாலை, அதாவது 12 சதவீத ஒயினில் 100 மில்லி. நான் குடிப்பது 14 சதவீத மதீரான். பெருக்கிப் பார்த்தால் 23 கிராமுக்கு மேல். ஒரு கிளாஸ் என்று நினைத்தபடி இரண்டு கிளாஸுக்கு மேல் குடித்து வந்திருக்கிறேன், ஒரு நாள் விடாமல்.

இங்கே அரசாங்கச் சுகாதார அமைப்பு 2017இலிருந்து சொல்வது: வாரத்துக்கு 10 கிளாஸுக்கு மேல் வேண்டாம், நாளுக்கு 2க்கு மேல் வேண்டாம், குடிக்காத நாளும் இருக்கட்டும். மூன்றையும் மீறியிருக்கிறேன். என் பழைய குறிப்புகளைப் படித்து யாராவது அதே மாதிரி ஊற்றியிருந்தால், தயவு செய்து அளந்து பாருங்கள். பெரிய வயிறு வைத்த கிளாஸில் 100 மில்லி அடியில்தான் கிடக்கும், ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

25 பிப்ரவரி 2024

ரெஸ்வெராட்ரால் மாத்திரையே போதுமே, ஒயின் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அது திராட்சைத் தோலில் உள்ள பொருள். 2006இல் கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது ஆயுள் கூடியது, உலகமே கொண்டாடியது. கொடுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 22 மில்லிகிராம். நான் 70 கிலோ, நேரடியாகப் பெருக்கினால் 1,540 மில்லிகிராம். ஒயினில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் தினம் 770 லிட்டர் ஆகிறது.

மனிதர்களிடம்? இத்தாலியின் கியாந்தி பகுதியில் 65 வயதைத் தாண்டிய 783 பேரை 9 ஆண்டுகள் கவனித்தார்கள். சிறுநீரில் ரெஸ்வெராட்ரால் தடயம் எவ்வளவு என்று அளந்து, யாருக்கு இதய நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நடுவில், 2012இல், கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் ஆய்வாளர் ஒருவருடைய ரெஸ்வெராட்ரால் கட்டுரைகளில் 145 இடங்களில் தரவு திரிக்கப்பட்டோ புனையப்பட்டோ இருப்பதாக அறிவித்தது. அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையோடு மாத்திரை வாங்கியவர்கள் எத்தனை பேர்.

21 ஏப்ரல் 2024

பரிசோதனை முடிவு. எச்டிஎல் 37. எல்டிஎல் 145. டிரைகிளிசரைடு 228. எடை இரண்டு கிலோ கூடுதல். ரத்த அழுத்தம், இங்கே மருத்துவர் "பதினாலு ஒன்பது" என்றார், நம் கணக்கில் 140/90. போன செப்டம்பரில் 128/82.

எச்டிஎல் மூன்று புள்ளி ஏறியதைக் காட்டி, பலன் இருக்கிறதே டாக்டர் என்றேன். அவர் காகிதத்தைத் திருப்பி வைத்து டிரைகிளிசரைடுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். அழுத்தத்துக்கு அடியில் இரண்டு கோடு. "மூன்று புள்ளிக்காக எதையெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் பாருங்கள்" என்றார். எச்டிஎல்லைக் கடகடவென்று ஏற்றிய ஒரு மருந்தை 2006இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்றாம், சாப்பிட்டவர்களிடையே சாவு கூடியதால். எண் ஏறுவது வேறு, இதயம் காப்பாற்றப்படுவது வேறு என்றார். ஸ்டாடின் எழுதிக் கொடுத்தார். வாங்கிவிட்டேன்.

28 ஏப்ரல் 2024

ஒரு வாரமாகக் குடிக்கவில்லை. கைக்கடிகாரம் காட்டும் தூக்கத் துடிப்பு 66லிருந்து 59க்கு இறங்கியிருக்கிறது. எட்டு மாதமாக என் கையிலேயே இருந்த சாட்சி.

முதல் குறிப்பில் நான் எடுத்த கட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் படித்ததில் மனதை மாற்றியவை சில.

பிரெஞ்சுக்காரர் புதிருக்கு ஒயின் இல்லாத விளக்கம் 1999லேயே வந்துவிட்டது. மால்கம் லா, நிக்கோலஸ் வால்ட் என்ற இருவர் எழுதினார்கள்: பிரான்ஸில் மிருகக் கொழுப்பை அதிகமாகச் சாப்பிடத் தொடங்கியதே பிற்பாடுதான், இதய நோய் அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். போதாததற்கு, மாரடைப்புச் சாவுகளில் ஒரு பகுதி இங்கே வேறு காரணமாகப் பதிவாகிறது என்றும் காட்டினார்கள்.

அடுத்து, ஆய்வுகளில் "குடிக்காதவர்கள்" என்ற கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. உடம்பு கெட்டதால் நிறுத்தியவர்களும் அதில்தான். 1988இல் பிரிட்டனில் ஷேப்பர் என்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். நோயாளிகளை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு, அளவாகக் குடிப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றால் எப்படி?

மூன்றாவது, சீனாவில் 5 லட்சம் பேருக்கு மேல் கொண்ட ஆய்வு, 2019. கிழக்காசியர் பலருக்கு ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாத மரபணு உண்டு, பிறப்பிலேயே குறைவாகக் குடிப்பவர்கள். அந்த மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தால், அளவான குடிக்குப் பக்கவாதத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, குடிக்கக் குடிக்க ஆபத்து ஏறுகிறது. மாரடைப்பில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. நம்மவர்களுக்கு இன்னொன்று: 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மற்றவர்களிடம் தெரிந்த மது நன்மை தெற்காசியரிடம் தெரியவில்லை.

இஸ்ரேலில் சர்க்கரை நோயாளிகள் 224 பேருக்கு இரண்டு வருஷம் ராத்திரிச் சாப்பாட்டோடு 150 மில்லி ரெட் ஒயின், வெள்ளை ஒயின், தண்ணீர் என்று பிரித்துக் கொடுத்த ஆய்வை ஒருவர் எடுத்துக்காட்டினார். உண்மைதான், ரெட் ஒயின் கூட்டத்துக்கு எச்டிஎல் 2 புள்ளி ஏறியது. அவர்கள் அளந்து குடித்தார்கள். ஆனால் மாரடைப்பு குறைந்ததா என்று காட்டும் அளவுக்கு அந்த ஆய்வு பெரியதில்லை. அதைக் காட்டவென்று அமெரிக்காவில் தொடங்கிய பெரிய சோதனையை 2018இல் நிறுத்திவிட்டார்கள், மது நிறுவனங்களிடமிருந்து பணம் திரட்டிய விதம் வெளியே வந்ததும்.

11 ஆகஸ்ட் 2024

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இது ஆய்வு இல்லை, என் வீட்டு விஷயம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று மாலை திண்ணையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெரியப்பாவின் ஒயினைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா நிமிராமலே சொன்னார்: "அவரு எங்க குடிச்சாரு? கல்லீரல் வீங்கிப் படுத்தாரே, உனக்கு அப்ப பன்னெண்டு பதிமூணு வயசு. அதோட விட்டவருதான். கடைசி வரைக்கும் தொடல."

எனக்கு நினைவில் இருந்தது சாப்பாட்டு மேசையில் அந்தக் கிளாஸ். அது என் சின்ன வயதில் பார்த்தது. கணக்குப் போட்டால் அறுபதை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். 84 வரை இருந்ததில் கடைசி இருபத்து மூன்று, இருபத்து நான்கு வருஷம் ஒயின் இல்லாத வருஷங்கள். பிரான்ஸ் ஓய்வூதியம் இருந்தது. வருஷா வருஷம் ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை இருந்தது. தினம் விடிகாலையில் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அப்பாவுக்கோ நாளைக்கு ஒரு கட்டு பீடி, நாற்பதில் வந்த சர்க்கரை, பார்த்துக்கொள்ள நேரமில்லாத இரண்டு ஷிப்ட் வேலை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். பீடி வாங்கக் கடைக்கு ஓடியதே நான்தானே. இருந்தும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒயினை மட்டுமே வைத்துப் பார்த்தேன். அப்பா போனது ஒரு கிளாஸ் குடிக்காததால் என்று நினைப்பதில் ஏதோ ஓர் ஆறுதல் இருந்திருக்கிறது. அம்மா கீரைக் காம்பைக் கூட்டித் தள்ளிவிட்டு எழுந்தார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

18 ஆகஸ்ட் 2024

திராட்சைச் சாறு குடித்தால் போதாதா என்ற கேள்விக்கு: சாற்றை விடப் பழமாகவே தின்னுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் அளவோடு. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. நேற்று ஒரு கிலோ வாங்கி, கொட்டையையும் கடித்துத் தின்றேன். அதே துவர்ப்பு.

24 நவம்பர் 2024

கடைசியாக நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார்: 34 வயது, குடிப்பழக்கம் இல்லை, அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, தொடங்கலாமா என்று. வேண்டாம் தம்பி. இதயத்துக்காக என்றால் தொடங்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023இல், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் மது 1988லேயே இருக்கிறது. உங்கள் எல்டிஎல், அழுத்தம், சர்க்கரை மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான் விட்டேனா என்றால், முழுக்க இல்லை. எல்டிஎல் 78, அழுத்தம் 126/80, மாத்திரையும் நடையும் கொண்டுவந்தவை. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வருவார். ஃப்ரொந்தோன் ஒரு பாட்டில், நான்கு பேருக்கு. எனக்கு 100 மில்லி, சமையல் தராசில் வைத்தே ஊற்றுவேன், அவர் ஒன்றும் சொல்வதில்லை. அது நோய்க்கு மருந்தாக அல்ல, அந்த வயலெட் வாசத்துக்காக. போன வாரம் மிளகுக்கறியோடு குடித்தபோது மகள் கிளாஸை மோந்து பார்த்து, "அப்பா, இதுல நாவப்பழ வாசம் வருது" என்றாள். அவள் நாவல்பழம் தின்றது ஆகஸ்டில், பாட்டி வீட்டில், ஒரே ஒரு தடவை.